இருநூற்று நாற்பது நகங்கள்

ஜெபராணியின் கை வெதுவெதுப்பாக இருந்தது. நல்லது. கை வெதுவெதுப்பாக இருந்தால் வயிறு சரியாக இருக்கிறது, வீட்டில் சண்டை இல்லை, பயமும் அளவாகத்தான் இருக்கிறது என்று அர்த்தம். குருவம்மா அவளுடைய சுண்டுவிரலை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, பாதி பிளேடை நகத்தின் ஓரத்தில் வைத்துச் சீவினாள். பன்னிரண்டு பிள்ளைகள், ஆளுக்குக் கையில் பத்து, காலில் பத்து, ஆக இருநூற்று நாற்பது நகம். கபடி ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் நடுவர் எல்லாரையும் கோட்டோரம் நிற்கவைத்து விரல் நுனியைத் தடவிப் பார்ப்பார். பிசிறு தட்டினால் போய் வெட்டிவிட்டு வா என்று திருப்பி அனுப்பிவிடுவார். குருவம்மா இந்த வேலைக்கு வந்த முதல் வருஷமே, நகவெட்டியால் வெட்டிவந்த ஒரு பிள்ளையை அப்படி அனுப்பினார்கள், அவள் போய்த் திரும்புவதற்குள் ஆறு பேராக நின்று நாலு பாயிண்டைக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து குருவம்மா நகவெட்டியை நம்புவதில்லை. "யக்கா, இப்ப நல்ல நகவெட்டி வருதுக்கா, பிசிறே நிக்காது, நீங்க என்னமோ கோழி அறுக்க வந்த மாதிரி பிளேடும் கையுமா உக்காந்திருக்கீக" என்று ஜெபராணி சொன்னாள், கேப்டன் என்பதால் அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். "கையை ஆட்டாத, கோழி தப்பிச்சிரும்" என்றாள் குருவம்மா. பிள்ளைகள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். தீப்பெட்டி ஆபீஸில் பதினான்கு வயதில் குச்சி அடுக்கப் போன நாளிலிருந்து அவளுக்குப் பாதி பிளேடுதான் பழக்கம், நகம் வளர்ந்தால் குச்சி சட்டத்தில் உட்காராது. ஆனால் பிள்ளைகளிடம் சொல்லாத இன்னொரு காரணமும் உண்டு. நகம் வெட்டும் சாக்கில் ஆளுக்கு இரண்டு நிமிஷம் அந்தக் கை அவள் கைக்குள் இருக்கும். யார் கை வேர்க்கிறது, யார் கை சில்லிட்டுக் கிடக்கிறது, யார் விரலை இழுத்துக்கொள்கிறாள் என்பதெல்லாம் தெரிந்துவிடும். பதினோரு வருஷமாக அவள் ஆட்டத்தை அப்படித்தான் முன்கூட்டியே படித்துவந்தாள், படித்ததை யாரிடமும் சொன்னதில்லை, கேட்டவர்களும் இல்லை.

உடைமாற்றக் கொடுத்திருந்த வகுப்பறையின் மேஜையில், தண்ணீர்ப் புட்டிக்கு அடியில், இறுதி ஆட்டத்துக்கு அணியின் பெயர்களை எழுதிக் கொடுக்கிற அந்த ஃபாரம் கிடந்தது. காற்றுக்கு அதன் ஓரம் தூக்கித் தூக்கி விழுந்தது. பார்க்கக் கூடாது என்று நினைத்தால் கண் அங்கேதான் போகிறது. பன்னிரண்டு பெயருக்குப் பன்னிரண்டு வரி, கீழே இரண்டு கட்டம். இங்கிலீஷில் அச்சடித்திருந்தாலும் எந்தக் கட்டம் எதற்கு என்று அவளுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். இடது பக்கம் பயிற்சியாளர், அதில் பாக்கியநாதன் மாஸ்டர். வலது பக்கம் மேலாளர், அதில் குருவம்மாள். அதுதான் வழக்கம். காலையில் அரையிறுதி முடிந்ததும் மாஸ்டர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார்: "பசங்க டீமுக்குச் சாத்தூர்ல நாலு மணிக்கு ஆட்டம், நான் கிளம்புதேன். ஃபாரத்துல எம் பேரையே போட்டுரு. என் மச்சினன் தர்மராஜ் வந்து பெஞ்சுல உக்காந்துக்கிடுவான். நீ வழக்கம்போலப் பிள்ளைகளப் பாத்துக்க." வழக்கம்போல என்றால் நகம் வெட்டுவது, கம்மலையும் மூக்குத்தியையும் கொலுசையும் கழற்றி வாங்கிக் கைக்குட்டையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொள்வது, தண்ணீர் தூக்குவது, எந்தப் பிள்ளைக்கு எப்போது துணி மாற்ற வேண்டும் என்று பார்ப்பது. சரி, அது மட்டுமா வழக்கம். விடியற்காலை ஐந்தரைக்கு ஊருணிப் பக்கத்து மைதானத்தில் முள்ளைப் பொறுக்கிக் கோடு போடுவது யார். கணுக்காலைப் பிடிப்பவள் தோளைத் தரையோடு தரையாக இறக்க வேண்டும் என்று நாற்பத்தேழு வயதில் தானே மண்ணில் விழுந்து காட்டுவது யார். மாஸ்டர் சனிக்கிழமை வருவார், கை தட்டுவார், இரண்டு குறை சொல்வார், அந்த இரண்டும் சரியாகத்தான் இருக்கும். அதை இல்லையென்று சொன்னால் நாக்கு அழுகிப் போகும். கல்யாணமாகிப் பதினான்கு வருஷம் கபடிக் கோட்டையே மிதிக்காமல் கிடந்தவளை, வாசலில் வந்து நின்று, குருவம்மா, பொம்பளைப் பிள்ளைகள் கூட வர ஒரு ஆள் வேணும், உனக்கு ஆட்டமும் தெரியும் என்று கூப்பிட்டவர் அவர். நல்ல மனுஷன். நல்ல மனுஷனிடம்தான் எதையும் கேட்க முடியவில்லை. கெட்டவராக இருந்தால் என்றைக்கோ கேட்டிருக்கலாம்.

அடுத்தவள் உட்கார்ந்தாள், கால் நகத்தில் மண் ஏறியிருந்தது, ஈரத்துணியால் துடைத்துவிட்டுச் சீவினாள். மறுபடியும் அந்த இரண்டு பாயிண்ட் நினைப்புக்கு வந்துவிட்டது. போன வருஷத்து இறுதி ஆட்டம். அதை நினைக்கவே கூடாது, இன்றைக்கு நினைக்கவே கூடாது. கடைசி ஐந்து நிமிஷம், முன்னிலை ஒரு பாயிண்ட், கோட்டுக்குள் இவர்கள் பக்கம் மிச்சம் இரண்டே பேர். அந்த இரண்டு பேரும் போனால் எல்லாரும் அவுட், எதிரணிக்கு அதற்கென்று தனியாக இரண்டு பாயிண்ட். ஆட்டத்தை அரை நிமிஷம் நிறுத்திவைக்கச் சொல்லியிருந்தால் போதும், இரண்டு பேரையும் பக்கத்தில் கூப்பிட்டு எதிரணியின் அந்த உயரக்காரி இடது பக்கம் வரும்போது தொடாதீர்கள், பின்வாங்குங்கள், நேரம் போகட்டும் என்று ஒரே ஒரு வார்த்தை. ஜெபராணி அவுட்டாகி வெளியே உட்கார்ந்திருந்தாள். உள்ளே நின்ற இரண்டு பிள்ளைகளும் மாஸ்டர் முகத்தைப் பார்த்தார்கள். மாஸ்டர் அந்த நேரம் பார்த்து வந்த போனைக் காதில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்து பேசிக்கொண்டிருந்தார். குருவம்மா எழுந்து நின்றாள். எழுந்து நின்று என்ன செய்ய. உள்ளே நிற்கிற கேப்டனோ பயிற்சியாளரோ கேட்டால்தான் நடுவர் நிறுத்துவார், மேலாளர் கேட்டால் மாட்டார். மாஸ்டர் மாஸ்டர் என்று கூப்பிட்டாள், கூட்டத்தின் சத்தத்தில் அது அவள் காதுக்கே கேட்கவில்லை. அப்புறம் உயரக்காரி வந்தாள், இரண்டு பேரும் பாய்ந்தார்கள், இரண்டு பேரும் போனார்கள். திரும்பி வரும்போது வேனில் ஒருத்தியும் பேசவில்லை. மாஸ்டர் மட்டும், விடுங்க பிள்ளைகளா, நம்ம கையில என்ன இருக்கு என்றார். அந்த வார்த்தை ஒரு வருஷமாகத் தொண்டையில் மீன்முள்ளாக நிற்கிறது. பஸ்ஸுக்கு நிற்கும்போதும், அடுப்பில் உலை கொதிக்கும்போதும், ஆள் இல்லாத நேரம் பார்த்து, இடது கையை நட்டுக்குத்தலாக நிறுத்தி அதன் நுனிமேல் வலது உள்ளங்கையைக் கவிழ்த்து வைத்துப் பார்த்திருக்கிறாள். ஆட்டத்தை நிறுத்தச் சொல்கிற சைகை அதுதான். ஒருநாள் கணவன் சண்முகவேல் பார்த்துவிட்டு, "என்ன, தலையில கூரை ஒழுகுதா?" என்று கேட்டார்.

ஐந்து பேர் முடிந்தது. பயிற்சியாளர் கட்டத்தில் உன் பேரையே போட்டுவிடு என்று ஒரு மனசு சொன்னது. பேர் போட்டுவிட்டால் பெஞ்சில் உட்காரலாம். ஜெயித்தால் மாநிலப் போட்டி. வெள்ளை பனியன் போட்டு விசிலோடு திரிகிற அந்தப் பயிற்சியாளர்களுக்கு நடுவே ஒரு சேலைக்காரி. பெண் பயிற்சியாளர்களுக்கென்று ஒன்றரை மாதப் பயிற்சி நடக்கப்போகிறது, பயிற்சியாளர் கட்டத்தில் பெயர் இருக்கிற ஆட்டச் சீட்டைக் காட்டினால் சேர்த்துக்கொள்வார்கள், படிப்புக் கேட்க மாட்டார்கள் என்று காலையில் மேஜையில் உட்கார்ந்து பாயிண்ட் எழுதிய அம்மா சொன்னாள். நீங்கதானே பயிற்சி கொடுக்கிறீங்க, சீட்டைக் கொண்டாங்க என்றாள் அவள். பதினோரு வருஷத்துச் சீட்டை எடுத்துப் பார்த்தால் எல்லாவற்றிலும் மேலாளர். இன்னொரு மனசு, எழுதித் தோற்றுவிட்டால் என்றது. தோற்றால் என்ன சொல்வார்கள் என்பது தெரிந்ததுதான். ஏழாவதோடு நின்றவளைக் கொண்டுபோய் உட்கார வைத்தால் வேறென்ன ஆகும் என்பார்கள். பொம்பளை டீமைக் கலைத்துவிட்டு அந்த ஜெர்சியைப் பசங்களுக்குக் கொடு என்பார்கள். அதற்கென்றே காத்திருக்கிறார்கள் இரண்டு மூன்று பேர். டீம் கலைந்தால் ஜெபராணிக்கு ஆவணியில் கல்யாணம், அவள் அப்பன் மாப்பிள்ளையே பார்த்து வைத்திருக்கிறான். இந்தப் பன்னிரண்டு வீட்டிலும் குருவக்கா கூடப் போவதால்தான் விடுகிறோம் என்றுதான் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். கட்டம் மாறினால் விடுவார்களா. மேலாளர் கட்டம் காலியாகக் கிடக்குமே. அதில் யாரை எழுத. இப்படி ஒன்றைத் தொட்டால் இன்னொன்று சரிகிறது, வேண்டாம், மாஸ்டர் பேரையே எழுதிவிட்டுப் பேசாமல் தண்ணீர்ப் புட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம். அதுவும் சரியாக இல்லை. தர்மராஜ் இந்தப் பிள்ளைகள் ஆடி ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. வினோதா இடதுகைக்காரி என்பதுகூட அவனுக்குத் தெரியாது.

முத்துப்பேச்சி வந்து எதிரில் உட்கார்ந்தாள். எதிரணிக்குள் பாடிப் போகிற பிள்ளைகளில் அவளுக்கு மிஞ்சிய ஆள் இந்த மாவட்டத்தில் இல்லை. காலையில் மட்டும் பதினோரு பாயிண்ட் எடுத்தாள். கையை நீட்டினாள், குருவம்மா வாங்கினாள். கை சில்லென்றிருந்தது. இரும்புக் குழாயைத் தொட்டது மாதிரி. "என்னட்டி, காய்ச்சலா?" "இல்லக்கா." "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன்க்கா. நாலு பேரு வந்து நீதான் எடுக்கணும் நீதான் எடுக்கணும்னு சொல்லிட்டுப் போறாக. கோயில் கமிட்டிக்காரர்கூட வந்து சொல்லிட்டாரு." சிரிக்கப் பார்த்தாள், உதடு ஒத்துழைக்கவில்லை. இந்தக் கையை இப்போது உள்ளே அனுப்பினால் முதல் தடவையே பிடிபடும் என்று குருவம்மாவுக்குத் தோன்றியது. தோன்றியது இல்லை, தெரிந்தது. பத்து நிமிஷம் வெளியே உட்கார்ந்து பார்த்தால் கை சூடேறிவிடும், அப்புறம் இறக்கலாம், ஆனால் அதை யார் சொல்வது, மாஸ்டரிடம் பேச்சியை முதலில் இறக்காதீர்கள் என்று சொன்னால் குருவம்மா, உனக்குக் கிறுக்கா என்பார், தர்மராஜிடம் சொன்னால் மாஸ்டரைக் கேட்டுச் சொல்கிறேன் என்பான், ஃபாரம் மறுபடியும் படபடவென்று அடித்தது, சுண்டுவிரல் முடிந்தது, மோதிரவிரல் முடிந்தது, நடுவிரலைப் பிடித்துப் பிளேடை வைத்தாள், மடியில் இருந்த போன் அதிர்ந்தது.

"ஸ்" என்றாள் பேச்சி. அவ்வளவுதான், கத்தக்கூட இல்லை. நகத்தோடு சேர்த்து விரல் நுனிச் சதையில் ஒரு சீவல் போயிருந்தது. முதலில் வெள்ளையாகத் தெரிந்தது, அப்புறம் ரத்தம் குபுக்கென்று வந்தது. பதினோரு வருஷத்தில் ஒரு விரலிலும் ஒரு கீறல் விழுந்ததில்லை. கோழி அறுக்கிற மாதிரி என்று அந்தப் பிள்ளை சொன்னாளே. நகவெட்டி என்று அவ்வளவு சொன்னாளே. குருவம்மா முந்தானையால் விரலை இறுக்கிப் பிடித்துத் தலைக்கு மேலே தூக்கினாள், சேலையில் சிவப்பு பரவியது, பிள்ளைகள் சுற்றி வந்து நின்றார்கள், போன் நின்று மறுபடியும் அதிர்ந்தது. இன்னொரு கையால் எடுத்தாள். "என்ன குருவம்மா, எல்லாம் ரெடியா? தர்மன் கிளம்பிட்டான், கால் மணி நேரத்துல வந்துருவான்." பின்னால் ஏதோ பஸ் ஹாரன். மறைத்துவிடலாம் என்று நினைத்தாள், நினைத்த அதே மூச்சில் சொன்னாள்: "மாஸ்டர், பேச்சிக்கு நகம் வெட்டும்போது பிளேடு ஆழமாப் பட்டுருச்சு. ரத்தம் வருது. என் தப்புதான்." "எந்தக் கை?" என்றார் அவர். "வலது. நடுவிரல்." "சரி, பதறாத. டேப்பை இறுக்கமாச் சுத்தி இறக்கிரு. நடுவர் கேட்டா பழைய காயம்னு சொல்லு." குருவம்மா பேச்சியின் விரலைப் பார்த்தாள். முந்தானை நனைந்துகொண்டிருந்தது. முதல் பிடியிலேயே டேப் கழன்றுவிடும், ரத்தத்தைக் கண்டால் நடுவர் அந்த நிமிஷமே வெளியேற்றுவார், ஆட்டத்தின் நடுவில் தவித்துப்போய் ஆளை மாற்ற வேண்டியிருக்கும், அதற்குள் இந்தப் பிள்ளையின் மனசும் கழன்றுவிடும். இதெல்லாம் ஒரு நொடியில் அவளுக்குள் வரிசையாக வந்து நின்றது, எதையும் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. "வேண்டாம் மாஸ்டர். வினோதாவ இறக்குதேன். பேச்சி ரெண்டாவது பாதிக்கு வரட்டும்." "வினோதாவா? அது ஒடிசலு குருவம்மா, ஊதுனா விழுந்துரும்." "இடதுகைக்காரி மாஸ்டர். அந்த டீம்ல ஒருத்தியும் இடதுகைக்காரிக்கு எதிரா நின்னு பழகல. காலையில அவுக ஆட்டத்த முழுசாப் பாத்தேன்." "நீ எங்க பாத்த? தண்ணி பிடிக்கப் போனேன்னல்ல சொன்ன." "பிடிச்சிக்கிட்டேதான் பாத்தேன்."

அவர் சிரித்த மாதிரி இருந்தது, இல்லை இருமினாரோ என்னவோ. இங்கேயே நிறுத்திவிடலாம். தர்மராஜ் வந்ததும் வினோதாவை இறக்கச் சொல்லுங்கள் என்று மாஸ்டரிடமே சொல்லச் சொல்லலாம், மாஸ்டர் சொன்னால் அவன் கேட்பான், வேலையும் நடக்கும், யார் மனசும் கோணாது. ஆனால் கடைசி ஐந்து நிமிஷத்தில் இரண்டு பேர் மிச்சம் நிற்கும்போது என்ன ஆகும். அப்போது தர்மராஜுக்கும் போன் வரும். யாருக்கும் போன் வரத்தான் செய்யும், அவளுக்கே வந்தது, பிள்ளையின் விரல் போனது. ஆகவே கவனம் யாருக்கும் பிசகும், அதனால் அது இல்லை விஷயம், பிசகினால் அதற்குப் பதில் சொல்ல ஆள் எழுந்து நிற்க வேண்டும், நம்ம கையில என்ன இருக்கு என்று சொல்லக் கூடாது. "மாஸ்டர்" என்றாள். "ஃபாரத்துல பயிற்சியாளர் கட்டத்துல எம் பேர எழுதுதேன்." "எம்மேல எதுவும் வருத்தமா குருவம்மா?" "இல்ல மாஸ்டர்." "போன வருஷத்த மனசுல வச்சிருக்கியோ?" அவருக்கும் அது முள்ளாகத்தான் நிற்கிறதா. இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே. "வச்சிருக்கேன் மாஸ்டர். ஆனா அதுக்காக இல்ல. பிள்ளைகளுக்குப் பழக்கிவிட்டது நான். உள்ள உக்காந்து பாக்கவேண்டியதும் நாந்தான்." "தோத்துட்டா ஊர்ல வாய் சும்மா இருக்காது, தெரியும்ல?" "தோத்தா எம் பேருதான மாஸ்டர் இருக்கும். உங்க பேரு கெடாது." "சரி. எழுது. தர்மன்கிட்ட நான் சொல்லிக்கிடுதேன்" என்று வைத்துவிட்டார். அவர் மனசில் கோபம் இருந்ததா இல்லையா என்று இனி நாலு நாள் யோசித்துக் கிடக்க வேண்டும். கிடக்கலாம், நாலு நாள்தானே.

பேச்சியின் விரலுக்குப் பஞ்சு வைத்துக் கட்டிவிட்டு, "என் தப்புட்டி" என்றாள். பேச்சி அழுவாள் என்று நினைத்தாள். அவள் பெருமூச்சு விட்டு, "முதல்ல நான் இறங்கவேண்டாமாக்கா?" என்று கேட்டாள், அந்தக் கேள்வியில் ஒரு பெரிய மூட்டையை இறக்கி வைத்த சத்தம் இருந்தது. மிச்சம் ஆறு பேர். பிளேடை மறுபடியும் எடுத்தாள். ஜெபராணி தன் பையிலிருந்து ஒரு நகவெட்டியை எடுத்து நீட்டினாள். குருவம்மா அதை வாங்கிக்கொண்டாள். வினோதாவின் கை சூடாகவும் உலர்ந்தும் இருந்தது, அடுப்புப் பக்கத்தில் வைத்த சொம்பு மாதிரி. "நான் முதல் ஏழுல இருக்கேனாக்கா? நெசமாவா?" "நெசமாத்தான். போனவுடனே பாயாத. ரெண்டு தடவ சும்மா போயிட்டு வா, அவுக உன் கையத் தேடட்டும்." எல்லாம் முடிந்ததும் வெட்டிய நகங்களைக் காகிதத்தில் கூட்டி மடித்தாள், தன்னுடைய பத்து விரலையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள், பயிற்சியாளரின் நகத்தை யாரும் தடவிப் பார்ப்பதில்லை. ஃபாரத்தை இழுத்தாள். பேனா பிடித்தால் அவளுக்கு எழுத்து எப்போதும் கீழ்நோக்கிச் சரியும். சரியக் கூடாது என்று கட்டத்தின் கோட்டின் மேலேயே உட்காரவைத்து, கு, ரு, வ என்று ஒவ்வொன்றாக எழுதினாள். வலது கட்டத்தில் தர்மராஜ் என்று எழுதினாள். அதை எழுதும்போது ஜெபராணி எட்டிப் பார்த்து, "யக்கா, அந்த அண்ணன் தண்ணி தூக்குவாராக்கா?" என்றாள். "தூக்கிப் பழகட்டும்" என்றாள் குருவம்மா.

பெஞ்சில் உட்கார்ந்தபோது மரம் வெயிலில் சுட்டது. பின்னால் கயிற்றோரம் நின்ற கூட்டத்தில் யாரோ, "என்னய்யா, தண்ணி குடுக்குற அம்மா அங்க உக்காந்திருக்கு" என்றான், "மாஸ்டர் ஓடிட்டாரு போல" என்றான் இன்னொருவன். பிளாஸ்டிக் கேனோடு கொஞ்சம் தள்ளி நின்ற தர்மராஜ் எங்கோ பார்த்தான். வினோதா முதல் தடவை சும்மா போய் வந்தாள். இரண்டாவது தடவை இடது கையால் ஓரத்துக்காரியின் தோளைத் தொட்டுவிட்டு வந்தாள், அவள் தொடப்பட்டதையே நம்பாமல் நின்றாள். மூன்றாவது தடவை பிடிபட்டாள். ஊதினால் விழுவாள் என்று மாஸ்டர் சொன்னாரே, விழுந்துவிட்டாளே. இல்லை, மறுபடியும் உள்ளே வந்துவிட்டாள், இன்னொன்று எடுத்தாள். அந்தப் பக்கமும் எடுத்தார்கள், அதிகமாகவே எடுத்தார்கள், ஜெபராணி போனாள், அவள் பின்னால் நாலு பேர் போனார்கள், ஒன்பதாவது நிமிஷத்தில் குருவம்மா எண்ணிப் பார்த்தாள், உள்ளே மிச்சம் இரண்டு பேர். போன வருஷம் மாதிரியே இரண்டே பேர். அதே கோடு, அதே வெயில், காலையில் அவள் பார்த்துவைத்த எதிரணியின் ஏழாம் நம்பர்காரி இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டு கோட்டுக்கு வரத் தயாராகிறாள். வயிற்றுக்குள் அந்த வேன் ஓடியது, யாரும் பேசாத வேன். உள்ளே நின்ற இரண்டு பிள்ளைகளும் திரும்பிப் பெஞ்சைப் பார்த்தார்கள். அவளைத்தான் பார்த்தார்கள். குருவம்மா எழுந்தாள். இடது கையை நட்டுக்குத்தலாக நிறுத்தி வலது உள்ளங்கையை அதன்மேல் கவிழ்த்துத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். நடுவர் பார்த்தார். பார்த்துவிட்டு அவளைத் தாண்டித் தர்மராஜைப் பார்த்தார். தர்மராஜ் கேனைத் தூக்கிக் காட்டினான், என் கையில் இதுதான் இருக்கிறது என்கிற மாதிரி. குருவம்மா கையை இறக்கவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினாள், கை கடுத்தது, இறக்கவில்லை. நடுவர் மேஜைப் பக்கம் திரும்பினார், மேஜையில் உட்கார்ந்திருந்த அம்மா சீட்டில் விரலை வைத்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். விசில் ஊதியது. ஏழாம் நம்பர்காரி நின்றாள், கூட்டம் நின்றது, கோட்டுக்குள் பறந்த மண் கீழே இறங்கியது. பிள்ளைகள் ஓடி வந்து அவளைச் சூழ்ந்துகொண்டார்கள், தர்மராஜ் கேனோடு பின்னாலேயே ஓடி வந்தான், பேச்சி கட்டுப் போட்ட விரலை நீட்டி, "ரத்தம் நின்னுருச்சுக்கா, நான் இறங்கட்டா?" என்றாள். பஞ்சு உலர்ந்திருந்தது. கையைத் தொட்டுப் பார்த்தாள், சூடேறத் தொடங்கியிருந்தது, இன்னும் போதாது. "அடுத்த பாதிக்கு" என்றாள். அரை நிமிஷம்தான், அதில் நாலு நொடி போய்விட்டது. ஒரு கையில் வினோதாவையும் மறு கையில் இன்னொருத்தியையும் பிடித்துக்கொண்டாள். "தண்ணியக் குடிச்சிக்கிட்டே கேளுங்கட்டி. அந்த ஏழாம் நம்பரு இடது பக்கம் திரும்புறதுக்கு முந்தி வலது கால லேசாத் தூக்குவா. எப்பவும் தூக்குவா. தூக்குற வரைக்கும் ரெண்டு பேரும் அசையவே கூடாது."